பூர்வி ஸ்டார் எங்கே விடுபட்டது? கோத்தகிரி நாயக் ஒருவரின் டிஸ்சார்ஜ் புக்

ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் பதக்கங்களுக்கான பக்கத்தில் நான்கே வரிகள்: சங்க்ராம் மெடல், 25-வது சுதந்திர ஆண்டு மெடல், 9 ஆண்டு நீண்ட சேவை மெடல், சைன்ய சேவா மெடல். 1984-ல் ஓய்வு கொடுத்து அனுப்பியபோது அவருடைய பணிப் பதிவேடான ஷீட் ரோலைப் பார்த்து கிளார்க் எழுதிய வரிகள் அவை. ஆனால் அந்த நாயக் (சிப்பாய்க்கு மேலான ஒரு ரேங்க்) 1971 டிசம்பரில் கிழக்கு முனையில் இருந்தவர். ஷெல் சிதறல் இடது காலில் பாய்ந்து, ஃபீல்டு ஆம்புலன்ஸ் வழியாக ராணுவ மருத்துவமனைக்குப் போனவர். அந்தப் பக்கத்தில் 1971 போரின் கிழக்கு முனைக்கான பூர்வி ஸ்டாரும் இல்லை, போர்க் காயத்துக்கான வூண்ட் மெடலும் இல்லை.

இந்த நாயக் ஒரே ஆள் அல்லர். நீலகிரியில் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் வாழும் முன்னாள் படைவீரர்களின் காகிதங்களில் வழக்கமாக விழும் ஓட்டைகளை ஒருவர் மேல் ஏற்றி வரைந்த மாதிரி இது. அவர் 1969-ல் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தார், 15 ஆண்டு முடித்து பென்ஷனோடு வந்தார், இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பேரன் கல்யாணத்தில் கோட்டில் மெடல்களைக் குத்திக்கொள்ளும்போதுதான் கூடப் பணியாற்றிய சுபேதார் ஒருவர் பார்த்துவிட்டு, "ஸ்டார் எங்கேப்பா?" என்று கேட்கிறார். ஐம்பது ஆண்டு கழித்து இப்படித்தான் விஷயம் வெளியே வருகிறது.

அடுத்து பெரும்பாலானவர்கள் செய்வது, "எனக்கு மெடல் வரவில்லை, தயவுசெய்து அனுப்பவும்" என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புவது. படைவீரர்களின் ஏடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் அந்தக் கடிதத்தை எடுப்பவர் ஷீட் ரோலைப் புரட்டுகிறார், பூர்வி ஸ்டார் பதிவு இல்லை, "பதிவுகளின்படி தாங்கள் உரியவர் அல்லர்" என்று இரண்டு வரியில் பதில் போகிறது. அவர் கையில் இருக்கும் காகிதப்படி அந்தப் பதில் சரியானதுதான். குறை அவரிடம் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. ஆகவே மெடலைக் கேட்பதற்கு முன்னால் பதிவைத் திருத்தக் கேட்க வேண்டும். அதற்கும் முன்னால், பதிவு எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பார்ட் டூ ஆர்டர்

படையில் ஒரு சிப்பாய்க்கு நடப்பது எல்லாம், லீவு, பதவி உயர்வு, கல்யாணம், குழந்தை பிறப்பு, மருத்துவமனை சேர்க்கை, பதக்கம், எதுவானாலும் யூனிட் வெளியிடும் பார்ட் டூ ஆர்டரில் வர வேண்டும். அதன் பிரதி ரெக்கார்ட் ஆபீஸுக்கும் சம்பளக் கணக்கைப் பார்க்கும் பி.ஏ.ஓ.வுக்கும் போகும். அதை வைத்துத்தான் ஷீட் ரோலில் வரி ஏறும். ஆர்டர் வெளியாகவில்லை என்றால், ஆளே போர்க்களத்தில் நின்றிருந்தாலும் காகிதத்தில் நிற்கவில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் இந்த வேலையில் பாதி முடிந்தது என்றே சொல்லலாம்.

நம் நாயக்கின் விஷயத்தில் சங்கிலி இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது. போருக்குச் சில வாரங்களுக்கு முன் அவரைப் பட்டாலியனிலிருந்து பிரிகேட் தலைமையகத்துக்கு அட்டாச்மென்டாக அனுப்பினார்கள். அட்டாச்மென்டில் போனவரின் சோறும் டூட்டியும் அங்கே, பெயர் மட்டும் இங்கே. பிரிகேட் தலைமையகம், "சொந்த யூனிட் ஸ்டாருக்கான பெயர்ப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்" என்று விட்டுவிடும். பட்டாலியனில் பட்டியல் போடும் ஹெட் கிளார்க் தன்னோடு முன்னேறிய கம்பெனிகளைத்தான் எண்ணுவார். இரண்டு பட்டியலிலும் ஆள் இல்லை.

இரண்டாவது அறுப்பு மருத்துவமனையில். 1971 போருக்கான ஸ்டார்களும் சங்க்ராம் மெடலும் போர் முடிந்த பிறகு ஏற்படுத்தப்பட்டவை. பட்டியல்கள் தயாரான காலத்தில் அவர் பட்டாலியனின் ஆள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டு, மருத்துவத் தரம் குறைந்து, வெலிங்டனில் ரெஜிமென்ட் சென்டரில் டூட்டியில் இருந்தார். சென்டரில் போட்ட பொது ஆர்டர்களில், எல்லை மாநிலங்களில் பணியில் இருந்தவர்களுக்கான சங்க்ராம் மெடலும், 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த அனைவருக்கும் உரிய 25-வது சுதந்திர ஆண்டு மெடலும் வந்துவிட்டன. ஸ்டார் போர்க்களத்தில் இருந்த யூனிட் வழியாகத்தான் வர வேண்டும். வரவில்லை.

அட்டாச்மென்ட், மருத்துவமனை, போஸ்டிங் ஆகிப் போகும் வழி, கோர்ஸ் என்று ஆள் ஒரு யூனிட்டுக்கும் இன்னொரு யூனிட்டுக்கும் நடுவில் இருந்த நாள்களில்தான் பதக்கங்கள் விழுந்துபோகின்றன. கோப்பைத் திறந்தவுடன் தேட வேண்டிய இடம் அதுதான்.

உண்மையில் எது விடுபட்டது

நாயக் சொல்வது நான்கு குறை. ஸ்டார் இல்லை, வூண்ட் மெடல் இல்லை, காஷ்மீரில் இருந்ததற்கு ஒரு சைன்ய சேவா மெடலும் கிழக்கே இமயமலைப் பகுதியில் இருந்ததற்கு இன்னொன்றும் வர வேண்டும் ஆனால் ஒன்றுதான் வந்தது, காயம்பட்டும் முன்னேறியதற்காக கமாண்டிங் ஆபீசர் சேனா மெடலுக்கு எழுதினார் ஆனால் வரவில்லை.

கடைசிக் குறையை மனுவிலிருந்து எடுத்துவிட வேண்டும். வீரப் பதக்கங்கள் வேறு வகை. அவை பரிந்துரையின் பேரில் குடியரசுத் தலைவரால் வழங்கப்பட்டு இந்திய அரசிதழில் வெளியாகின்றன. அரசிதழில் பெயர் இருந்து ஷீட் ரோலில் இல்லை என்றால் அது பதிவுத் திருத்தம், அரசிதழ் நகலைக் காட்டினால் முடியும். வீரத்துக்கான சேனா மெடலுக்கு 2017 ஆகஸ்ட் முதல் மாதம் 2,000 ரூபாய் படி உண்டு என்பதால் அந்தத் திருத்தம் பென்ஷனையும் தொடும். ஆனால் அரசிதழில் பெயரே இல்லை, பரிந்துரை மட்டும் போனது என்றால் அது பதிவுப் பிழை அல்ல. பரிந்துரை ஏற்கப்படாமலும் போகலாம். இதை ஸ்டார் மனுவோடு சேர்த்து எழுதினால் கோப்பு வேறு பிரிவுக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும். மனத்தாங்கல் நியாயமாகவே இருக்கலாம், அதை இந்த மனுவில் ஏற்றக்கூடாது.

சைன்ய சேவா குறையும் மெடல் குறை அல்ல. அந்த மெடல் ஒரே ஒரு முறைதான். ஜம்மு காஷ்மீர், நேஃபா (இன்றைய அருணாசலப் பிரதேசம்), இமயமலை, வங்காளம்-அசாம் என்று பகுதிக்கு ஒரு கிளாஸ்ப், அதாவது ரிப்பனில் ஏறும் உலோகப் பட்டை. இரண்டாவது பகுதியில் தகுதிக் காலத்தை முடித்தவருக்கு இரண்டாவது மெடல் வராது, பட்டைதான் வரும். டிஸ்சார்ஜ் புக்கில் "சைன்ய சேவா மெடல்" என்று மட்டும் எழுதி, எந்தக் கிளாஸ்ப் என்று எழுதாமல் விட்டிருந்தால் அந்த வரி அரைகுறை. மனுவில் "கிளாஸ்ப் பதிவு" என்ற சொல்லே வர வேண்டும்.

வூண்ட் மெடல், இப்போதைய பெயரில் பராக்ரம் பதக், எதிரியின் நேரடி நடவடிக்கையால் பட்ட காயத்துக்கு மட்டும். போர்ப் பகுதியில் வண்டி கவிழ்ந்து கை ஒடிந்தது, பனியில் விரல் போனது எல்லாம் இதில் வராது. காகிதத்தில் "பேட்டில் கேஷுவல்டி" என்ற வகைப்பாடு இருக்கிறதா என்பதே கேள்வி. ஓய்வுக்கு முந்தைய மருத்துவக் குழு, "ராணுவப் பணியால் ஏற்பட்டது" என்று எழுதியிருப்பது டிஸெபிலிட்டி பென்ஷனுக்குப் போதும், வூண்ட் மெடலுக்குப் போதாது. குண்டு, ஷெல், கண்ணிவெடி என்று காரணமும் எதிரி நடவடிக்கை என்பதும் எழுத்தில் தெரிய வேண்டும்.

ஸ்டாரைப் பற்றியும் ஒன்று. சங்க்ராம் மெடல் இருக்கிறதே, அப்படியானால் ஸ்டாரும் தானாக வர வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். சங்க்ராம் மெடலின் வலை பெரிது. 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை, எல்லை மாநிலங்கள் பலவற்றில் பணியில் இருந்தவர்களை அது பிடிக்கும். பூர்வி ஸ்டாருக்கும் மேற்கு முனைக்கான பஸ்சிமி ஸ்டாருக்கும் சண்டை நடந்த நாள்களில், குறிக்கப்பட்ட போர்ப் பகுதிக்குள் ஆள் இருந்திருக்க வேண்டும். ஆகவே நிரூபிக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: இன்ன தேதியில், இன்ன யூனிட்டோடு, இன்ன இடத்தில். மற்றதெல்லாம் அதற்கு முட்டுக் கொடுப்பவை.

வெலிங்டன் பக்கம்தான், ஆனால் கோப்பு அங்கே இருக்கிறதா?

நீலகிரிக்காரர்களுக்கு ஒரு வசதி, அதிலேயே ஒரு தவறும் ஒளிந்திருக்கிறது. மதராஸ் ரெஜிமென்டின் சென்டரும் அதன் ரெக்கார்ட் ஆபீஸும் வெலிங்டனில். கோத்தகிரியிலிருந்து குன்னூர் பஸ் பிடித்தால் காலையிலேயே போய்விடலாம். அதனால் எந்தப் படைப்பிரிவில் இருந்தவரும் "ராணுவம்னா வெலிங்டன்தானே" என்று அங்கே மனுவைக் கொடுத்துவிட்டு வருகிறார். ஆர்ட்டிலரிக்காரரின் ஏடு நாசிக் ரோட்டில், சிக்னல்ஸ் ஜபல்பூரில், ஈ.எம்.ஈ. (வண்டி, ஆயுதப் பழுதுபார்ப்புப் பிரிவு) செகந்திராபாத்தில், மதராஸ் சாப்பர்ஸ் பெங்களூரில். வெலிங்டனில் தேடினால் கிடைக்காது.

இன்னும் நுட்பமானது டி.எஸ்.சி. விஷயம். பென்ஷனில் வந்த பிறகு டிஃபன்ஸ் செக்யூரிட்டி கோரில் மறுபடி சேர்ந்து சில ஆண்டு காவல் டூட்டி பார்த்தவர்கள் இந்த மலையில் நிறையப் பேர். அவர்களுடைய ஏடுகள் கண்ணூரில் இருக்கும் டி.எஸ்.சி. ரெக்கார்ட்ஸோடு சம்பந்தப்பட்டவை. பழைய ரெஜிமென்டில் வாங்கிய மெடல்கள் புதிய ஷீட் ரோலில் ஏறாமல் போவது இங்கே சகஜம். டி.எஸ்.சி.யில் இருந்தவர் இரண்டு இடத்துக்கும் எழுதி, மூல ஏடு இப்போது யாரிடம் என்று முதலில் எழுத்தில் வாங்க வேண்டும். நம் நாயக் டி.எஸ்.சி. போகவில்லை, அதனால் வெலிங்டன் ஒன்றே போதும்.

வீட்டில் தேடுவது

டிரங்குப் பெட்டியைத் திறப்பதற்கு வெயில் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். மலைக் குளிரில் பெட்டிக்குள் அடைத்துவைத்த காகிதத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கும், மடிப்பில் கை பட்டால் இரண்டாகும். ஈரமாக இருந்தால் மின்விசிறிக் காற்றில் விரித்து உலர்த்தி, பிறகுதான் பிரிக்க வேண்டும். லாமினேஷன் செய்யவே வேண்டாம். சூட்டில் பழைய மை பரவிவிடும், பின்பக்க முத்திரையைச் சரிபார்க்கவும் முடியாது. டிஸ்சார்ஜ் புக்கின் வெற்றுப் பக்கங்கள் உட்பட எல்லாப் பக்கத்தையும் கலரில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். விடுபட்ட வரியை வீட்டில் யாராவது பேனாவால் சேர்த்து எழுதியிருந்தால் அதை அழிக்கவோ மறைக்கவோ முயலாதீர்கள். மனுவில் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் புத்தகத்தில் எழுதும் அதிகாரம் ரெக்கார்ட் ஆபீஸுக்கு மட்டும்தான். கைச் சேர்க்கை ஒன்று தெரியவந்தால் மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும்.

எந்தக் காகிதத்துக்கு எவ்வளவு எடை என்று தெரிந்திருக்க வேண்டும். மூவ்மென்ட் ஆர்டர் தேதியும் இடமும் சொல்வதால் தங்கம். மருத்துவமனையிலிருந்து விடுவித்த சீட்டும், காய அறிக்கையான ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006-ம், ஓய்வின்போதைய மருத்துவக் குழுப் படிவமான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16-ம் அதே தரம். சம்பளப் புத்தகத்தில் ஃபீல்டு பகுதிக்கான படி எந்த மாதங்களில் ஏறியது என்பதும் நல்ல சாட்சி, ஏனென்றால் கணக்குப் பிரிவு சும்மா பணம் கொடுத்திருக்காது. வீட்டுக்கு எழுதிய கடித உறைகளை இரண்டாம் வரிசையில் வையுங்கள். முகவரியில் 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்று இருந்தால் கிழக்குப் பக்கம் என்பதற்கு அது குறிப்பு. 56 ஏ.பி.ஓ. அந்த அளவு பேசாது, அது பரவலாகப் பயன்பட்டது. போட்டோக்கள் கடைசி வரிசை. சீருடையில் நிற்கும் படம் எங்கே எடுத்தது என்று படம் சொல்லாது.

நம் நாயக்கிடம் மூவ்மென்ட் ஆர்டர் இல்லை. மருத்துவமனைச் சீட்டு இருக்கிறது, பாதி கிழிந்தது, ஆனால் சேர்க்கை தேதியும் "இடது கால், சிதறல் காயம்" என்ற வரியும் படிக்க முடிகிறது. மனைவிக்கு எழுதிய மூன்று உறைகள் இருக்கின்றன, மூன்றிலும் 99 ஏ.பி.ஓ. நல்ல தொடக்கம்.

கூடப் பணியாற்றியவர்களின் சாட்சிக் கடிதம் வாங்கலாம். கேன்டீன் நாளில் வெலிங்டனில் விசாரித்தால் அதே பிரிகேடில் இருந்தவர் ஒருவராவது அகப்படுவார். ஆனால் சாட்சிக் கடிதம் தனியாகப் பதிவை உண்டாக்காது. காகிதத்தில் இருக்கும் இடைவெளியை விளக்க மட்டுமே அது உதவும். "இவரை எனக்கு நன்றாகத் தெரியும், நல்ல வீரர்" என்று எழுதி வாங்குவதில் பயனில்லை. "நான் பூர்வி ஸ்டார் பெற்றவன், என் எண் இது, 1971 டிசம்பர் இன்ன வாரத்தில் இவர் எங்கள் பிரிகேட் தலைமையகப் பாதுகாப்புப் பிளாட்டூனில் இருந்தார், அவர் அடிபட்டதை நேரில் பார்த்தேன்" என்று இருக்க வேண்டும். அந்தச் சாட்சியின் ஸ்டார் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் பதிவாகியிருக்கும் பக்கத்தின் நகலையும் இணைத்தால் கடிதத்துக்கு வலு வரும். அதே அட்டாச்மென்டில் இருந்தவருக்குக் கிடைத்திருக்கிறது என்பது அதிகாரிக்கு உடனே உறைக்கும்.

தகவல் உரிமை மனு

மனுவுக்கு முன்னால் ரெக்கார்ட் ஆபீஸிடம் இருப்பது என்ன என்று பார்த்துவிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் 6(1) பிரிவில் அந்த ரெக்கார்ட் ஆபீஸின் மையப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம், கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளுக்குள். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய்.

தமிழ்நாட்டில் மாநில அலுவலகங்களுக்கு எழுதிப் பழகியவர்கள் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். ரெக்கார்ட் ஆபீஸ் மத்திய அரசின் கீழ் வருவது, அங்கே ஸ்டாம்ப் செல்லாது. போஸ்டல் ஆர்டரோ டி.டி.யோ அக்கவுன்ட்ஸ் ஆபீசர் பெயரில் எடுக்க வேண்டும். இந்த ஒரு தவறுக்காகத் திரும்பி வந்த விண்ணப்பங்களால் எத்தனை பேரின் மாதங்கள் போயிருக்கின்றன.

இன்னொரு தவறு, "எனக்கு ஏன் ஸ்டார் வழங்கப்படவில்லை?" என்று கேட்பது. இந்தச் சட்டம் இருக்கும் ஆவணத்தைக் கொடுக்கச் சொல்கிறது, விளக்கம் எழுதச் சொல்லவில்லை. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: என் ஷீட் ரோலின் எல்லாப் பக்கங்கள், லாங் ரோலில் (நிரந்தரப் பெயர்ப் பதிவேடு) என் பதிவு, 1971 அக்டோபர் முதல் 1972 டிசம்பர் வரை என்னைப் பற்றி வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நகல், என் மருத்துவ ஆவணங்கள், என் பட்டாலியனிலிருந்து பூர்வி ஸ்டாருக்கு வந்த பெயர்ப்பட்டியலில் என் பெயர் உள்ள அல்லது இருக்க வேண்டிய பக்கம். சொந்த ஏட்டைக் கேட்பதால் தனியுரிமைக் காரணம் சொல்லி மறுக்க இடமில்லை. போர் நடவடிக்கை பற்றி விரிவாகக் கேட்டால் பாதுகாப்புக் காரணம் சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள். 500 சொல்லுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

"ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன" என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம், அதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். பென்ஷன் இல்லாமல் போனவர்களின் ஏடுகளை 25 ஆண்டு வைத்திருந்து அழிக்க ராணுவ ஒழுங்குமுறையின் 595-வது பத்தி இடம் தருகிறது. நம் நாயக் பென்ஷன்காரர், அவருடைய ஏடு அந்தக் கணக்கில் வராது. லாங் ரோல் எப்படியும் நிரந்தரம். ஆகவே அடுத்த கடிதம், எந்த ஆணையின்படி, எந்தத் தேதியில், எந்த அதிகாரிகள் குழு அழித்தது, அந்த நடவடிக்கைக் குறிப்பின் நகல் தேவை என்று கேட்பதாக இருக்க வேண்டும். இப்படிக் கேட்ட பிறகு "மறுபடி தேடியதில் கிடைத்தது" என்ற பதில் வருவது அபூர்வமல்ல. 30 நாளில் பதிலே வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், அடுத்த 30 நாளுக்குள் 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம்.

நாயக்குக்கு ஷீட் ரோல் நகல் வருகிறது. 1971 நவம்பரில் பிரிகேட் தலைமையகத்துக்கு அட்டாச்மென்ட் என்ற வரி இருக்கிறது. டிசம்பரில் மருத்துவமனைச் சேர்க்கை வரி இருக்கிறது, எதிரில் பார்ட் டூ ஆர்டர் எண்ணும் இருக்கிறது. காயத்தின் வகைப்பாடு எழுதும் இடம் காலி. சங்கிலியின் இரண்டு முனைகளும் கிடைத்துவிட்டன.

பெயரும் ஊரும்

ஷீட் ரோலைப் பார்க்கும்போது தெரியவரும் இன்னொரு சிக்கல் பெயர். பெள்ளி என்ற படுகர் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது தொடக்க எழுத்து B-யா P-யா, கடைசியில் I-யா IE-யா என்று ஆளுக்கு ஒரு விதம் எழுதியிருப்பார்கள். அப்பா பெயர் ஒரு காகிதத்தில் இனிஷியலாகவும் இன்னொன்றில் முழுப் பெயராகவும் இருக்கும். ஆதாரில் மூன்றாவது விதம். ஊரும் அப்படியே. அவர் சேர்ந்த காலத்தில் கோத்தகிரி குன்னூர் தாலுகாவில் இருந்தது, ஏட்டில் குன்னூர் தாலுகா என்றே இருக்கும். இன்றைய அடையாள அட்டையில் கோத்தகிரி தாலுகா. வேறு ஆளோ என்று சந்தேகப்படக் காரணம் கொடுக்காமல், இரண்டும் ஒரே ஊர்தான் என்று வி.ஏ.ஓ.விடம் ஒரு சான்று வாங்கி இணைத்துவிடுங்கள். படை எண்ணைக் கடைசி எழுத்தோடு சேர்த்து எழுதுங்கள். அந்த ஒற்றை எழுத்தை விட்டுவிடுவதால் தேடுபவருக்கு அலைச்சல். ஜே.சி.ஓ. (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) ஆனவர்கள் சிப்பாயாக இருந்தபோதைய பழைய எண்ணையும் எழுத வேண்டும், 1971 பதிவு அந்த எண்ணில்தான் கிடக்கும்.

பெயர்த் திருத்தத்தை இந்த மனுவிலேயே கேட்கலாமா? கூடாது. ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் தளத்தில் பெயர் திருத்தம், மனைவி பிறந்த தேதி, வூண்ட் மெடல் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால் அது மூன்று பிரிவுகளுக்கு நடுவில் பந்தாடப்படும்.

மனு

மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ போவது நல்லது. எழுத உதவி தேவையென்றால் உதகையில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம், அதாவது எல்லோரும் சைனிக் போர்டு என்று சொல்லும் இடம். அங்கிருந்து முகப்புக் கடிதத்தோடு போனால் ரெக்கார்ட் ஆபீஸில் தனி எண் விழும், பின்னால் விசாரிக்கச் சுலபம்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சாரம் இப்படி இருக்கட்டும்:

"1971 நவம்பர் முதல் பிரிகேட் தலைமையகத்தில் அட்டாச்மென்டில் இருந்தேன் (ஷீட் ரோல் நகல், இணைப்பு 1). அங்கிருந்தே டிசம்பரில் காயத்துடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன் (இணைப்பு 2). ஆகவே போர் நாள்களில் போர்ப் பகுதியில் இருந்தது தங்கள் ஏட்டிலேயே பதிவாகியுள்ளது. அட்டாச்மென்டில் இருந்ததால் பூர்வி ஸ்டாருக்கான பெயர்ப்பட்டியலில் விடுபட்டுள்ளேன். கோருவன: ஒன்று, தகுதியைச் சரிபார்த்து பூர்வி ஸ்டாருக்கு பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு ஷீட் ரோலிலும் லாங் ரோலிலும் பதிவு செய்ய வேண்டும். இரண்டு, டிஸ்சார்ஜ் புக்கில் அதைச் சேர்த்துக் கையொப்பமிட வேண்டும். மூன்று, மெடலை வழங்க வேண்டும். மறுப்பதாக இருந்தால் காரணத்தையும் விதியையும் குறிப்பிட்டு ஆணை தர வேண்டும்."

மூன்று கோரிக்கைகளையும் பிரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. மெடல்கள் கொல்கத்தா நாணயச் சாலையில் அடிக்கப்படுபவை, கையிருப்பு இல்லாத காலங்கள் நீளமானவை. "மெடல் வேண்டும்" என்று மட்டும் கேட்டால், "கையிருப்பு இல்லை, வந்ததும் அனுப்பப்படும்" என்ற பதிலோடு கோப்பு மூடப்படும், பதிவு திருந்தியிருக்காது. பதிவுக்கு உலோகம் தேவையில்லை. வரி ஏறிவிட்டால் மெடல் எப்போது வந்தாலும் உரிமை உரிமைதான், அவர் காலத்துக்குப் பிறகும் வீட்டார் வாங்கிக்கொள்ளலாம்.

"மெடல் தொலைந்துவிட்டது" என்று தப்பித் தவறியும் எழுதிவிடாதீர்கள். தொலைந்த மெடலுக்கு மாற்று வாங்கும் வழி வேறு, அதற்குக் காவல் நிலையச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், விலை எல்லாம் உண்டு. முன்னரே வழங்கப்பட்டது என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலவும் ஆகிவிடும். வழங்கப்படவே இல்லை என்பதே சரியான சொல்.

வூண்ட் மெடலுக்குத் தனி மனு. அதில் காய அறிக்கையைத் தேடி எடுத்து வகைப்பாட்டை நிரப்பக் கோர வேண்டும். பேட்டில் கேஷுவல்டி என்று முடிவானால் போர்க் காயப் பென்ஷன் என்ற பெரிய கேள்வியும் திறக்கும். அது பணம் சம்பந்தப்பட்டது, அதனால் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். ஸ்டார் மனுவை அந்தத் தாமதத்தோடு கட்டிப்போடக் கூடாது.

மூலப் புத்தகத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம். வெலிங்டன் பக்கத்தில் இருக்கும் வசதியை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். நகலோடு மனுவைக் கொடுங்கள், திருத்தம் எழுதும் நாளில் மட்டும் மூலத்தை நேரில் எடுத்துப் போய், விட்டுவிட்டு வர வேண்டியிருந்தால் தேதியும் முத்திரையும் உள்ள ரசீது வாங்குங்கள்.

மறுப்பு வந்தால்

முதல் பதில் மறுப்பாக வருவதே அதிகம். படித்துப் பார்த்து வகை பிரியுங்கள். "பதிவு இல்லை" என்றால் அது மறுப்பே அல்ல, நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார்கள். இணைப்பு எண்களைச் சுட்டி, "பதிவு இல்லாமையே குறை, தகுதியை ஆராயவும்" என்று அதே அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம். "தகுதி இல்லை" என்றால் எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று கேட்டு, ராணுவத் தலைமையகத்தில் பதக்கங்களைக் கவனிக்கும் விழா மற்றும் நலப் பிரிவுக்கு ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவே அனுப்பக் கோருங்கள். நேரடியாக டெல்லிக்கு எழுதினால் கீழே கருத்துக் கேட்டுத் திரும்பி இங்கேதான் வரும். மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் போடுவது பதில் வராதபோது தூண்டிவிட உதவும். தகுதியை நிரூபிக்கும் வேலையை அது செய்யாது.

கடைசி வழி ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, இறுதி ஆணை கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதம். மனு கொடுத்து ஆறு மாதம் பதில் இல்லை என்றால் அதற்கடுத்த ஆறு மாதம். இங்கே மெடல் வழக்குக்கும் பென்ஷன் வழக்குக்கும் பெரிய வித்தியாசம். பென்ஷன் குறைவு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் தாமதமாக வந்தாலும் கேட்பார்கள், பாக்கியை மட்டும் பொதுவாக மூன்று ஆண்டுக்குச் சுருக்குவார்கள். 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி அது. சேவை மெடலுக்கு மாதப் படி கிடையாது, ஆகவே அந்த வாதம் உதவாது. ஐம்பது ஆண்டுத் தாமதத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். விடுபட்டதே இப்போதுதான் ஷீட் ரோல் நகல் வழியாகத் தெரிந்தது என்பதைத் தேதியோடு காட்டும் காகிதம் உங்கள் தகவல் உரிமைப் பதில்தான். அதன் உறையைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். ஆனால் உள்ளதைச் சொன்னால், சரியான காகிதத்தோடு போகும் ஸ்டார் விடுபடல்கள் ரெக்கார்ட் ஆபீஸ் அளவிலேயே முடியக்கூடியவை.

வீரர் காலமாகியிருந்தால் மனைவி இதே வழியில் கேட்கலாம். பென்ஷன் ஆணையில் அவர் பெயர் இருக்கும் பக்கம், இறப்புச் சான்று, தன் அடையாள அட்டை, இவ்வளவும் ஒவ்வொரு கடிதத்தோடும் போக வேண்டும். தகவல் உரிமை மனுவில் தான் மனைவி என்பதற்கான சான்றை முதலிலேயே இணைக்காவிட்டால் மூன்றாம் நபர் என்று மறுத்துவிடுவார்கள்.

பதிவு ஏறிய பிறகு

ஆர்டர் வெளியானதாகக் கடிதம் வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிட வேண்டாம். அந்த பார்ட் டூ ஆர்டரின் எண்ணும் தேதியும் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் எழுதும் புதிய வரியில் அந்த எண், அதிகாரியின் கையொப்பம், அலுவலக முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத வரியை அடுத்த கவுன்டரில் இருப்பவர் ஏற்க மாட்டார். இது முடிந்ததும் சைனிக் போர்டில் இருக்கும் தன் பதிவு அட்டையிலும் ஏற்றச் சொல்ல வேண்டும்.

மெடல் வரும்வரை கடையில் நகல் வாங்கிக் குத்திக்கொள்வதில் தவறில்லை, பதிவு ஏறிய பிறகு. நகலையும் மூலத்தையும் பிரித்தறிய விளிம்பைப் பாருங்கள். அரசு வழங்கும் மெடலின் விளிம்பில் படை எண், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். பார்சல் வந்த அன்று வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் முன் ஸ்டாரைத் திருப்பிப் பிடித்து, லாங் ரோல் நகலைப் பக்கத்தில் வைத்து, அந்த எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அதே உறையில், அதே வாரத்தில், குறிப்போடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.